கழிவுக் குளத்தின் கணக்கு ஊராருக்குத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணுமின் நிலையங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளையும் கட்டுரைகளையும் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்து வருகிறேன். உலையின் பாதுகாப்பு, கடலில் கலக்கும் வெந்நீர், மீனவர்களின் வாழ்வாதாரம், தீர்ந்த எரிபொருளை எங்கே வைப்பது என்று எத்தனையோ கேள்விகள் அவற்றில் எழுப்பப்பட்டிருக்கின்றன. ஆனால் உலைக்குள் போகும் யுரேனியம் எந்த ஊர் மண்ணிலிருந்து வருகிறது, அதைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் மண் எங்கே கிடக்கிறது, அந்த மண்ணை யார் காவல் காக்கிறார்கள் என்ற கேள்வியைத் தமிழில் யாரும் விரிவாகக் கேட்டு நான் படித்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டும்.

கூடங்குளத்துக்கான எரிபொருள் ரஷ்யாவிலிருந்து செறிவூட்டப்பட்டு வருகிறது. கல்பாக்கத்தின் நிலை வேறு. அங்கேயுள்ள சென்னை அணுமின் நிலையம் சர்வதேசக் கண்காணிப்பின் கீழ் வைக்கப்படாத உலைகளைக் கொண்டது. ஆகவே இறக்குமதி யுரேனியத்தை அங்கே பயன்படுத்த முடியாது. 1984 முதல் அங்கிருந்து நமக்குக் கிடைத்துவரும் மின்சாரத்தின் மூலப்பொருள் நம் நாட்டு யுரேனியம். அது ஜார்க்கண்ட் மாநிலத்தின் கிழக்கு சிங்பும் மாவட்டத்து ஜாதுகுடாவிலும் அதைச் சுற்றியுள்ள சுரங்கங்களிலும், 2012 முதல் ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்துத் தும்மலபள்ளியிலும் தோண்டப்பட்டு, அங்கேயே உள்ள ஆலைகளில் அரைக்கப்பட்டு, ஹைதராபாத்தில் எரிபொருள் கட்டாக மாறி நம்மிடம் வந்து சேர்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் விளக்குப் போடுகிற எனக்கும் அந்த ஊர்களுக்கும் உள்ள உறவு அதுதான். மின்சாரம் இங்கே வருகிறது; கழிவு அங்கே நிற்கிறது.

ஆலை என்று சொன்னால் நம்மவர்களுக்கு நெல் அரைவை ஆலையோ சர்க்கரை ஆலையோதான் நினைவுக்கு வரும். யுரேனிய ஆலையின் வேலையும் ஏறத்தாழ அதைப் போன்றதே. பாறையை உடைத்து மாவாக அரைக்கிறார்கள். ஜாதுகுடாவில் அந்த மாவைக் கந்தக அமிலத்தில் ஊறவைத்து யுரேனியத்தைக் கரைக்கிறார்கள். தும்மலபள்ளியின் பாறை சுண்ணாம்பு கலந்தது, அமிலத்தை அதுவே குடித்துத் தீர்த்துவிடும் என்பதால் அங்கே சோடியம் கார்பனேட்டைக் கொண்டு, அழுத்தத்திலும் வெப்பத்திலும் கரைக்கிறார்கள். கரைந்ததைப் பிரித்து, உலர்த்தி, ‘எல்லோ கேக்’ எனப்படும் மஞ்சள் தூளாக டிரம்களில் அடைத்து அனுப்புகிறார்கள்.

மிச்சத்தைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். கனடாவின் சில சுரங்கங்களில் தாதுவில் 10 சதவீதத்துக்கும் மேல் யுரேனியம் உண்டு. தும்மலபள்ளித் தாதுவில் இருப்பது 0.04 சதவீத அளவு. அதாவது ஒரு டன் பாறையை அரைத்தால் 400 கிராம் யுரேனியம்; ஒரு கிலோ வேண்டுமென்றால் இரண்டரை டன் பாறையை அரைத்தாக வேண்டும். 400 கிராம் போக எஞ்சிய அத்தனையும், சேர்த்த ரசாயனங்களோடும் தண்ணீரோடும் சேறாகிக் குழாய் வழியாக வெளியே போகிறது. ‘டெய்லிங்ஸ்’ என்று தொழிலில் அதற்குப் பெயர். சேற்றின் கனத்த மணற்பகுதியைப் பிரித்துச் சுரங்கத்தின் வெற்றிடங்களை நிரப்ப ஜாதுகுடாவில் திருப்பி அனுப்புகிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் ரேடியத்தின் பெரும்பங்கைச் சுமந்திருப்பது மென்சேறு. அது கழிவுக் குளத்துக்குத்தான் போகிறது.

யுரேனியத்தை எடுத்தாகிவிட்டதே, பிறகு அந்தச் சேற்றில் என்ன ஆபத்து என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் சேற்றிலேயே தங்கிவிடுகிறது என்பதுதான் பதில். யுரேனியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து ஈன்ற பிள்ளைகள் அந்தப் பாறைக்குள்ளேயே இருக்கின்றன: தோரியம்-230, ரேடியம்-226, அதிலிருந்து பிறக்கும் ரேடான் வாயு, காரீயம்-210, பொலோனியம். ஆலைக்குத் தேவைப்படாத இவை அனைத்தும் சேற்றோடு போய்விடுகின்றன. ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்து தீர ஆகும் காலம், 1,600 ஆண்டுகள். அதை ஈனும் தோரியம்-230இன் அரை ஆயுள் 75,000 ஆண்டுகளுக்கும் மேல். பாறையாக மலைக்குள் இறுகிக் கிடந்தவரை அது பெரும்பாலும் யாரையும் தீண்டவில்லை. மாவாக அரைத்துத் திறந்த வெளியில் கொட்டிய பிறகு காற்றுக்குத் தூசியாகவும், தண்ணீருக்குக் கரைசலாகவும், மூச்சுக்கு ரேடானாகவும் வழி திறந்துவிடுகிறது.

ஆலைக்குள் வேலை செய்பவர்களுக்கு ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டிருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். உடல் வாங்கும் கதிர்வீச்சு (அதை அளக்கும் அலகு மில்லிசீவெர்ட்) ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டில் வரம்பு உண்டு. மார்பில் அணியும் கதிரளவுப் பட்டை, சுரங்கக் காற்றில் ரேடான் அளவு, சிறுநீரில் யுரேனியச் சோதனை என்று வழிமுறைகளும் உண்டு. அரைக்கும் இடத்திலும் மஞ்சள் தூளை உலர்த்தி அடைக்கும் இடத்திலும் தூசி மூச்சுக்குள் போவதுதான் பெரிய அபாயம் என்பதால், அந்த இரண்டு இடங்களிலும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு நிரந்தரத் தொழிலாளருக்குரிய அதே பட்டையும் அதே பதிவேடும் இருக்கின்றனவா என்பதையும், வேலை உடை ஆலையிலேயே துவைக்கப்படுகிறதா, வீட்டுக்குப் போய் மனைவியின் கையில் துவைக்கப்படுகிறதா என்பதையும் ஒழுங்குமுறை அதிகாரிகள் நேரில் பார்க்க வேண்டும். ஆலைக்கு வெளியே இருப்பவருக்கான வரம்பு ஆண்டுக்கு ஒரு மில்லிசீவெர்ட். அவர் பட்டை அணிவதில்லை. அவருடைய பதிவேடு கிணறுதான்.

இங்கே என்னைப் பற்றிச் சில வரிகள் சொல்ல வேண்டியிருக்கிறது. நீர் ஆய்வகமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். யுரேனிய ஆலையில் நான் வேலை பார்த்ததில்லை. ஆனால் கழிவுக்கு அருகில் இருக்கும் கிணறுகளை எனக்குத் தெரியும். மாதிரி எடுக்கப் போனால் முதலில் மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட வேண்டும். குழாயில் தேங்கியிருந்த பழைய தண்ணீர் போனால்தான் நிலத்தடி நீர் வரும். பாலித்தீன் புட்டியை அதே நீரால் மூன்று முறை அலச வேண்டும். உலோகங்களுக்கான புட்டியில் வடிகட்டிய நீரை நிரப்பி, சில துளி நைட்ரிக் அமிலம் விட வேண்டும். விடாவிட்டால் உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆய்வகத்தில் அளவு குறைத்துக் காட்டும். இவ்வளவையும் கிணற்றுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வீட்டுப் பெண்கள் நமக்கு மோர் கொண்டுவந்து தருவார்கள்.

பணியிலிருந்த காலத்தில் ஒரு தொழிற்சாலைக் கழிவுமேட்டுக்கு அருகில், தென்னந்தோப்புக்குள் இருந்த கிணறு ஒன்றில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாதிரி எடுத்து வந்தோம். முடிவுகள் ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ என்ற முத்திரையோடு மேலிடத்துக்குப் போகும். அந்தக் கிணற்றுக்காரர் ஒவ்வொரு முறையும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “தண்ணி எப்படி சார் இருக்கு? மாட்டுக்காவது வைக்கலாமா?” எனக்கு விடை தெரியும். சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. “ரிப்போர்ட் மேலே போயிருக்கு, சொல்லுவாங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். யாரும் சொல்லவில்லை. மூன்றாண்டு கழித்துப் போனபோது கிணற்றுக்கு மேல் முள்ளைப் போட்டு மூடியிருந்தார். தோப்பில் பாதி மரங்கள் கொண்டை சாய்ந்து நின்றன. அன்றைக்கும் மோர் வந்தது. அந்த மோரை நான் குடித்த விதத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. ஜாதுகுடாவைப் பற்றியும் தும்மலபள்ளியைப் பற்றியும் படிக்கும்போதெல்லாம் அந்த மனிதர்தான் என் கண்முன் வந்து நிற்கிறார்.

ஜாதுகுடாவில் 1968 முதல் ஆலை ஓடுகிறது. கழிவுக் குளங்களை ஒட்டியே சாட்டிகோச்சா, துங்க்ரிடி போன்ற பழங்குடிக் கிராமங்கள் இருக்கின்றன. 2006 டிசம்பர் 24 அன்று கழிவுச் சேற்றைக் கொண்டுசெல்லும் குழாய் துங்க்ரிடிக்கு அருகில் வெடித்து, பல மணி நேரம் சேறு ஓடையில் பாய்ந்தது. அதைக் கண்டுபிடித்து ஆலைக்குத் தெரிவித்தவர்கள் ஊர்க்காரர்கள். இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். குழாயின் ஒரு முனையில் இத்தனை கன அளவு சேறு ஏறுகிறது, மறுமுனையில் இத்தனை இறங்குகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவியும், அழுத்தம் சட்டென்று விழுந்தால் பம்பை நிறுத்தும் ஏற்பாடும் எண்ணெய்க் குழாய்களில் எப்போதோ வந்துவிட்டவை. அப்படியிருக்க, கதிரியக்கச் சேறு கசிந்ததற்கான அபாயமணியாக ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் மனிதர்களின் கண்கள் இருந்திருக்கின்றன.

அந்த ஊர்களில் குழந்தைகளின் உடற்குறைபாடுகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் செய்திகள் வந்திருக்கின்றன. உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கு, அணுசக்தித் துறையின் பதிலை ஏற்று 2004இல் தள்ளுபடியானது. 2014இல் ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. மருத்துவர்கள் அமைப்பு ஒன்று நடத்திய ஆய்வு பாதிப்பு உண்டு என்றது. ஆலையை நடத்தும் நிறுவனமும் அணுசக்தித் துறையும் அந்தக் குறைபாடுகளுக்கும் கதிர்வீச்சுக்கும் தொடர்பில்லை, வறுமையும் ஊட்டச்சத்துக் குறைவுமே காரணம் என்றன. நான் மருத்துவன் அல்லன். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஆய்வகத்தில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். ஆலையை நடத்தும் இந்திய யுரேனியக் கழகம் அணுசக்தித் துறையின் நிறுவனம். ஜாதுகுடாவில் காற்றையும் நீரையும் அளக்கும் ஆய்வகம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது; அதுவும் அதே துறை. கதிரியக்கப் பாதுகாப்பை மேற்பார்வையிடுவதற்காக 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அத்துறையின் செயலாளரே தலைவராக இருக்கும் அணுசக்தி ஆணையத்துக்குக் கணக்குச் சொல்லும்படி வைக்கப்பட்டது. அங்கே இருக்கும் விஞ்ஞானிகளின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அவர்களில் சிலர் என்னோடு படித்தவர்கள், அளவை மாற்றி எழுதுகிற மனிதர்கள் அல்லர். ஆயினும் கழிவை உண்டாக்குபவர், அளப்பவர், மேற்பார்ப்பவர் மூவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கும்போது, அளவு சரியாகவே இருந்தாலும் ஊரார் அதை நம்புவதற்கு வழியில்லை.

இது வெறும் ஊராரின் மனக்குறை அல்ல. ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய சட்டத் தகுதி இல்லை என்பதை 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே எடுத்துக் காட்டியது. விதிமீறலுக்கான அபராதத்தின் உச்சவரம்பு 500 ரூபாய் என்றும் அது குறிப்பிட்டது. தலைக்கவசம் போடாமல் போகிறவரிடம் வாங்குகிற தொகைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். தன்னாட்சியுள்ள ஒழுங்குமுறை ஆணையத்துக்காக 2011இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதா, 2014இல் அந்த மக்களவையோடு காலாவதியானது. தலைநகரில் சட்டம் எப்படித் திருத்தி எழுதப்பட்டாலும், குளத்தின் கரையில் இருக்கும் கிணற்றுக்காரருக்கு அவர் தண்ணீரின் அளவு தெரிகிறதா என்பதை வைத்துத்தான் நான் அதை மதிப்பிடுவேன்.

தும்மலபள்ளிக்கு வருகிறேன். வேமுலா மண்டலத்தில், குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழைத் தோட்டங்கள் கருகுகின்றன, ஆழ்துளைக் கிணற்று நீர் மாறிவிட்டது என்று விவசாயிகள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். கழிவுக் குளத்தின் அடிப்பரப்பு நிபந்தனைப்படி அமைக்கப்பட்டதா என்பது குறித்து ஆந்திர மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. அப்பகுதிப் பாறையிலேயே யுரேனியம் இருப்பதால் நிலத்தடி நீரில் அது இயற்கையாகவே காணப்படும் என்று விளக்கம் சொல்லப்பட்டது.

அந்த விளக்கத்தை நான் அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டேன். யுரேனியப் பாறை உள்ள இடத்தில் கிணற்று நீரில் யுரேனியம் இருப்பது இயல்பு. ஆலையே இல்லாத மாவட்டங்களிலும் கிணற்று நீரில் யுரேனியம் உண்டு. ஆனால் அந்த விளக்கம் செல்ல வேண்டுமானால் ஆலை வருவதற்கு முன்பு ஒவ்வொரு கிணற்றிலும் எவ்வளவு இருந்தது என்ற பட்டியல் வெளியே வைக்கப்பட வேண்டும். முன்பு லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் இருந்த கிணறு இப்போதும் 20 என்றால் இயற்கை என்று ஒப்புக்கொள்ளலாம். 20 இருந்தது 90 ஆகியிருந்தால் இயற்கை அவ்வளவு அவசரமாக மாறாது. (இவை விளக்கத்துக்காக நான் சொல்லும் எண்கள்.) குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு, இந்தியத் தர நிர்ணய அமைப்பும் இப்போது அதையே கொண்டிருக்கிறது, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 என்று வகுத்தது. கதிர்வீச்சைவிட முதலில் சிறுநீரகத்தைத் தாக்கும் நச்சு உலோகமாகவே யுரேனியத்தைக் குடிநீரில் பார்க்கிறோம் என்பதால் இந்த வேறுபாடு குடிப்பவருக்குச் சின்ன விஷயமன்று.

இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். அமில ஆலையின் கழிவைச் சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்கினால் உலோகங்களில் பெரும்பகுதி படிந்துவிடும். பேரியம் குளோரைடு சேர்த்தால் ரேடியமும் படியும். கார்பனேட் ஆலையில் கதை வேறு. கார்பனேட் மிகுந்த நீரில் யுரேனியம் எளிதில் கரைந்து, கரைந்தபடியே மண்ணுக்குள் நகரக்கூடியது. ஆகவே தும்மலபள்ளி மாதிரியான இடத்தில் குளத்தின் அடியில் களிமண்ணும் பாலித்தீன் விரிப்பும் ஒழுங்காக இருக்கின்றனவா என்பது ஜாதுகுடாவைவிடக் கூடுதல் முக்கியத்துவம் உடையது. கசிவு தொடங்கினால் முதலில் கிணற்றுக்கு வந்து சேருவது யுரேனியமாகக்கூட இருக்காது. சோடியமும் சல்ஃபேட்டும் முன்னால் வரும், தண்ணீர் உப்புக் கரிக்கும், மண் இறுகும், வாழை இலையின் ஓரம் தீய்ந்ததுபோல் காயும். அந்த உப்பை அளக்க லட்ச ரூபாய்க் கருவி வேண்டாம். சட்டைப்பையில் வைக்கக்கூடிய மின்கடத்துதிறன் மீட்டர் ஒன்று போதும். பள்ளிப் பிள்ளைகளே வாராவாரம் அளந்து நோட்டில் எழுதிவைக்கலாம். உப்பு ஏறுகிறது என்று தெரிந்தவுடன் யுரேனியத்துக்கு மாதிரி எடுத்தால் மாதக்கணக்கில் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்கும். இவ்வளவு எளிதாகச் செய்யக்கூடிய வேலை செய்யப்படாமல், ஆண்டுக்கொரு முறை ‘அனைத்தும் வரம்புக்குள் உள்ளன’ என்ற ஒற்றை வரி வந்தால் யார்தான் நிம்மதியாக இருக்க முடியும்? இருபது கிணறுகளின் சராசரி வரம்புக்குள் இருப்பது, இருபத்தோராவது ஆளாக நின்று பார்க்கும் எனக்கு நிம்மதி தரலாம்; கெட்டுப்போன அந்த ஒரு கிணற்றில் தண்ணீர் இறைப்பவருக்குச் சராசரியால் என்ன பயன்?

என் பணிக்காலத்தில் என்னை மிகவும் உறுத்திய ஒரு சட்டப்பிரிவைச் சொல்கிறேன். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, தொழிற்சாலையின் கழிவுநீரில் மாதிரி எடுக்கும்போது தொழிற்சாலைக்காரர் கேட்டால் அதை இரண்டு பங்காகப் பிரித்து, இரண்டையும் முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். தன்மேல் தவறான முடிவு வந்துவிடக் கூடாது என்பதற்காகத் தொழிற்சாலைக்குச் சட்டம் தந்த பாதுகாப்பு அது, நியாயமானதுதான். அதே பாதுகாப்பு கிணற்றுக்காரருக்கு ஏன் இல்லை? அவர் கிணற்றில் எடுத்த மாதிரியில் ஒரு பங்கை முத்திரையிட்டு அவர் கையிலோ ஊராட்சியின் கையிலோ கொடுத்துவிட்டால், அவர்கள் விரும்பும் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதைச் சோதித்துக்கொள்வார்கள். யுரேனியத்தைத் துல்லியமாக அளக்கும் லேசர் ஃப்ளூரிமீட்டர் இன்று நாட்டின் பல ஆய்வகங்களில் இருக்கிறது. இரண்டு முடிவும் ஒத்துப்போனால் வதந்தி தானாகவே அடங்கும். நிறுவனத்துக்கும் அது நல்லது. ஒத்துப்போகாவிட்டால் அதைத் தெரிந்துகொள்வது எல்லாரையும்விட ஒழுங்குமுறை வாரியத்துக்கு அவசரம். ஒரு புட்டியும் ஒரு துண்டு அரக்கும்தான் இதற்கு ஆகும் செலவு.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சர்ச் ராக் என்ற இடத்தில் 1979 ஜூலை 16 அன்று யுரேனிய ஆலையின் கழிவுக் குளக்கரை உடைந்து, 1,100 டன் சேறும் 35 கோடி லிட்டருக்கு மேற்பட்ட அமிலக் கழிவுநீரும் புவெர்கோ ஆற்றில் பாய்ந்தன. அணையில் வெடிப்புகள் இருந்தது முன்பே தெரிந்திருந்தது. அதற்கு மூன்றரை மாதம் முன்பு நடந்த திரீ மைல் தீவு உலை விபத்தை உலகமே அறியும். சர்ச் ராக் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. பாதிக்கப்பட்டவர்கள் நவஹோ பழங்குடியினர் என்பதுதான் அந்த மௌனத்துக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷன் நகரில் ஆலைக் கழிவை நல்ல மணல் என்று எடுத்துப்போய் வீடுகளுக்கு அஸ்திவாரத்தில் நிரப்பினார்கள்; பிறகு ஆயிரக்கணக்கான இடங்களில் அதைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. யூட்டாவின் மோவாப் நகருக்கு அருகில் கொலராடோ ஆற்றங்கரையில் விட்டுப்போன 1.6 கோடி டன் கழிவுமேட்டை 2009இல் ரயிலில் ஏற்றி ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ப் புதைக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் அடிபட்ட அந்த நாடு சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டது. யுரேனிய ஆலைக் கழிவுகளுக்கென்றே 1978இல் தனிச் சட்டம் வந்தது. அதன்கீழ் வகுத்த விதி, கழிவின் மேல்மூடி கூடியவரை ஆயிரம் ஆண்டுகளுக்கும், எப்படியானாலும் 200 ஆண்டுகளுக்குக் குறையாமலும் தாங்க வேண்டும் என்கிறது. ஆலை ஓடும்போதே, மூடிய பிறகு செய்ய வேண்டிய வேலைகளுக்கான பணத்துக்கு உரிமம் பெறுபவர் உத்தரவாதம் காட்ட வேண்டும். கழிவுநீரிலும் காற்றிலும் வெளியேறும் கதிரியக்கத்தின் அளவை ஆறு மாதங்களுக்கு ஒரு முறை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுத்தில் தர வேண்டும். இவற்றில் ஆயிரம் ஆண்டு விதிதான் என்னை மிகவும் சிந்திக்க வைக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு ராஜராஜன் கட்டிய கோயில் நம்மிடம் இருக்கிறது. அதே காலத்து ஏரிக்கரைகளில் எத்தனை உடையாமல் இருக்கின்றன? கரை நிற்பதற்குக் கட்டியவன் திறமை மட்டும் போதவில்லை, ஏரி வாரியமும் குடிமராமத்தும் தலைமுறை தலைமுறையாக இருக்க வேண்டியிருந்தது. ஜாதுகுடாவிலும் தும்மலபள்ளியிலும் தாது தீர்ந்து, ஆலை துருப்பிடித்து, நிறுவனத்தின் பெயரே மறந்துபோன பிறகு கழிவுக் குளத்தின் கரையில் பன்றி பறித்த ஓட்டையை அடைப்பவர் யார், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்பதை இன்றே எழுதிவைத்தாக வேண்டும்.

இத்தகைய கேள்விகளை ஊரார் எழுந்து நின்று கேட்பதற்கு இருந்த முக்கியமான சபை பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு அந்தக் கூட்டமே தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை வெளியிட்டது. கன்னியாகுமரிக் கடற்கரை மணல் திட்டத்தையும் இது தொடுவதால் தமிழக முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறக் கோரிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அது சரியான செயல். அந்தக் குறிப்பாணை தும்மலபள்ளியின் விரிவாக்கத்துக்கும் ஜார்க்கண்டின் புதிய சுரங்கங்களுக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டது என்பதை நம் கட்சிகள் மறந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

அணுமின்சாரமே வேண்டாம் என்று வாதிடுவதற்காக நான் இதை எழுதவில்லை. அந்த விவாதம் எந்தப் பக்கம் முடிந்தாலும், அரைத்துக் கொட்டிய சேறு கொட்டிய இடத்தில்தான் இருக்கப் போகிறது. நாளைக்கே எல்லா உலைகளையும் நிறுத்தினாலும் அதற்குக் காவல் வேண்டும்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு என்று தாங்கள் நாள் தவறாமல் வெளியிடும் அந்தச் சிறு கட்டத்தைத் தஞ்சாவூரில் இருக்கும் என் மைத்துனர் காப்பி குடிக்கும் முன்பே பார்த்துவிடுவார். அதைப் பார்த்துத்தான் நாற்று விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். அதுபோல ஒரு கட்டம் தும்மலபள்ளிக் கழிவுக் குளத்தைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளுக்கும் வேண்டும்: கிணற்றின் எண், ஆழம், ஆலை வருவதற்கு முந்தைய அளவு, இந்தக் கோடையின் அளவு, மழைக்குப் பிந்தைய அளவு, அளந்தவர் யார். தெலுங்கில் அவ்வூர் ஊராட்சி அலுவலகச் சுவரில் அது எழுதப்பட வேண்டும். அதுவரை, தங்கள் செய்தியாளர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒழுங்குமுறை வாரியத்துக்கும் யுரேனியக் கழகத்துக்கும் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தனித்தனியே இந்த எண்களைக் கேட்டு மனுப் போட வேண்டும். மூன்று இடங்களிலிருந்தும் வரும் பதிலை, மறுத்தால் மறுப்பையும், அப்படியே அச்சிட வேண்டும். எந்தெந்தப் பொருள்களுக்கு அளவு கேட்க வேண்டும், எந்த அலகில் கேட்க வேண்டும் என்று மனுவை எழுதித் தர நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர் ஆய்வக வேதியியலாளர்,
செங்கல்பட்டு மாவட்டம்.